அச்சுக்குப் போன கோலம் திரைக்கு வரும்போது

வடபழனியில் ஆற்காடு சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எடிட்டிங் அறைகள் அடுத்தடுத்து இருக்கும். பல அறைகளுக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. நான் படியேறிப் போன அறையில் இரண்டு கணினித் திரைகள், சுவரில் ஒரு சாதாரண வீட்டுத் தொலைக்காட்சி, ஓயாத ஏசி இரைச்சல். புள்ளிக்கோலத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தின் தலைப்புக் காட்சிக்கான வேலை அன்று தொடங்குவதாக இருந்தது. காட்சி 20 விநாடி. விநாடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில் 500 பிரேம். கருந்தரையில் புள்ளிகள் விழும். ஒற்றைக் கோடு அவற்றைச் சுற்றிப் பின்னிக்கொண்டு போகும். கடைசியில் ‘புள்ளிக்கோலம்’ என்ற சொல் எழுத்து எழுத்தாக வந்து நிற்கும்.

படம் அசைவதைப் பார்க்க நான் போகவில்லை. அதற்கு முந்தைய வேலையைப் பார்க்கப் போனேன். வரைந்து முடித்த படம் எடிட்டரின் டைம்லைனில் ஏறுவதற்கு முன்னால் அதை ஒருவர் உட்கார்ந்து தயார்செய்ய வேண்டும். படத்தின் முடிவில் ஓடும் பெயர் வரிசையில் இந்த வேலைக்கென்று தனி வரி இருப்பதில்லை. ஆனால் எழுத்து பிசிறடித்தாலும், லோகோவைச் சுற்றி வெள்ளைப் பெட்டி தெரிந்தாலும், கோடு தப்பான பக்கத்திலிருந்து வரைய ஆரம்பித்தாலும், காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வந்து நிற்கும்.

வேலையைச் செய்பவர் ஒரு பெண் வரைகலைஞர். முன்பு கல்யாணப் பத்திரிகை வடிவமைத்தவர், அதனால் அச்சுக்காரர்களின் பழக்கம் அவருக்கு அத்துபடி. பக்கத்து நாற்காலியில் எடிட்டர், வயதில் மூத்தவர். அவர் இவரை ‘வாம்மா, போம்மா’ என்பார். இவர் அவரை அண்ணா என்பார்.

வந்திருந்த பைல் கோரல் டிராவில் செய்தது. தமிழ்நாட்டு அச்சகங்களிலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் கோரல்தான் ராஜா, ஆகவே இதில் வியப்பில்லை. படம் சம்பந்தமான ஒரு கண்காட்சிக்கு அடித்த பேனரையும் அழைப்பிதழையும் செய்தவரே அதே பைலை அப்படியே அனுப்பிவைத்திருந்தார். படத்துக்கு அசைவு கொடுக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் அந்த வகைப் பைலைத் திறக்காது. கோரலிலேயே திறந்து பார்த்தோம். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ ஒன்று கிடந்தது.

“பாமினி மாதிரி ஏதோ பழைய ஃபாண்ட் சார். அந்த ஃபாண்ட் நம்ம மெஷின்ல இல்ல. பாருங்க, மூணு இடத்துல அரைப்புள்ளி. ள், க், ம்… மூணு மெய்யெழுத்து” என்றார் வரைகலைஞர்.

பாமினியில் மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். இந்த எழுத்துருக்கள் ஒருங்குறிக்கு முந்தையவை. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. எழுத்துரு கூடவே பயணம் செய்யாவிட்டால் பொருள் மட்டுமல்ல, உருவமே போய்விடும். அவர் உடனே அச்சகத்துக்குப் போன் போட்டார். “அண்ணா, கர்வ்ஸ் பண்ணின காப்பி ஒண்ணு, பண்ணாத காப்பி ஒண்ணு, ரெண்டும் அனுப்புங்க” என்றார். கோரலில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலையும் கியூவையும் அழுத்தினால் அது வெறும் வளைகோடாகிவிடும். பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் அதே உருவம்தான். பண்ணாத காப்பி எதற்கு என்று கேட்டேன். படத்தின் பெயரில் ஒரு ஒற்று மாறினால்கூட வளைகோட்டில் திருத்த முடியாதே என்றார். அந்த முன்யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

எடிட்டருக்கு ஒரு சந்தேகம். எழுத்தை ஒருங்குறியில் நேரே ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே தட்டச்சு செய்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? செய்து காட்டினார்கள். அதன் அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துப் பொறியைத் தேர்ந்தெடுக்காத நிலையில் ‘கோ’ உடைந்துபோனது. முன்னால் வர வேண்டிய ஏகாரக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பைல் இன்னொரு அறைக்குப் போகும், அங்கே அதே அமைப்பு இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? ஆகவே தமிழ் எழுத்து ஒழுங்காகச் சேரும் வரைகலை மென்பொருள் ஒன்றில் சொல்லை அமைத்து, கண்ணால் சரிபார்த்து, வளைகோடாக்கி அனுப்புவதுதான் பத்திரம். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் எந்த அமைப்பையும் தொடாமலே தமிழ் சரியாக விழுகிறது. சிறிய அறைகளில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

அச்சகத்திலிருந்து வளைகோடான காப்பி வந்தது. வரைகலைஞர் அதை இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளின் ஏஐ பைலாக மாற்றித் திறந்தார். இங்கேதான் எனக்கு இந்த வேலையின் நடுநரம்பு புரிந்தது. அச்சுக்கு வரைந்தவருக்கு அந்தச் சொல் ஒரே முழுப் பொருள். திரையில் அது எழுத்து எழுத்தாக வர வேண்டும். அப்படியானால் எது ஓர் எழுத்து என்று யாரோ ஒருவர் முடிவுசெய்தாக வேண்டும், மென்பொருளுக்கு அது தெரியாது.

எண்ணிப் பார்த்தோம். பு, ள், ளி, க், கோ, ல, ம் என்று எழுத்து 7. ஆனால் வளைகோடாக்கிப் பிரித்தபோது வந்த துண்டுகள் 12. ள், க், ம் மூன்றுக்கும் உடலும் புள்ளியும் தனித்தனி. கோ என்பதில் கொம்பு, ககரம், கால் என மூன்று. அந்த எழுத்துருவில் ளி ஒட்டிய ஒரே வடிவமாக இருந்தது. துண்டுகளைத் தானாகவே லேயர்களாகப் பிரித்துத் தரும் கட்டளை ஒன்று இல்லஸ்ட்ரேட்டரில் இருக்கிறது. அதை நம்பினால் 12 லேயர் கிடைக்கும். பிறகு அசைவு கொடுப்பவர் தமிழ் தெரியாதவராக இருந்தால் ககரம் ஒரு பக்கம் வரும், அதன் புள்ளி அரை விநாடி கழித்து வந்து தலையில் உட்காரும். கால் முதலில் வந்து, கொம்பு கடைசியில் வரும். தொலைக்காட்சி விளம்பரங்களில் இப்படி நொண்டும் தமிழை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். அது கவனக்குறைவுகூட இல்லை, தயார்செய்யும் கட்டத்தில் யாரும் எழுத்தைக் கட்டித் தரவில்லை, அவ்வளவுதான்.

அவர் ஒவ்வோர் எழுத்தையும் கையாலேயே குழுவாக்கினார். ள-வும் அதன் புள்ளியும் ஒரு குழு. கொம்பு, ககரம், கால் மூன்றும் ஒரு குழு. ஒவ்வொரு குழுவையும் தனி மேல்நிலை லேயரில் வைத்தார். உள்லேயர்களாக விட்டால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அவற்றைப் பிரித்துப் பார்க்காது, மேல்நிலையில் இருப்பவை மட்டுமே அதற்குத் தனி லேயர். இன்னொன்றையும் காட்டினார். ள-வின் சுழிக்குள்ளே இருக்கும் ஓட்டை உண்மையில் இன்னொரு வளைகோடு. வெளிக்கோடும் உள்கோடும் கூட்டுப் பாதையாகச் சேர்ந்திருப்பதால்தான் நடுவே வெற்றிடம் தெரிகிறது. அவசரத்தில் அந்தக் கூட்டையும் பிரித்துவிட்டால் சுழி அடைபட்டுக் கரும்பொட்டாகிவிடும். கொம்பின் சுழிக்கும் அதே கதி.

பிறகு நிறம். அச்சுப் பைல் நான்கு மையின் கணக்கில், சிஎம்ஒய்கேயில் இருக்கும். திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் ஒளிதான். ஆவண வகையை ஆர்ஜிபிக்கு மாற்றியவுடன் அவர் செய்த முதல் காரியம் கறுப்பைச் சோதித்தது. அச்சில் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் என்று வைத்த நிறம், வழக்கமான மாற்றத்தில் 35, 31, 32 என்ற எண்களாக வருகிறது. உண்மைக் கறுப்பு 0, 0, 0. வெள்ளைத் தாளில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. கருந்திரையில் வைத்தால் அந்தக் ‘கறுப்பு’ மங்கிய சாம்பல் கட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சுவர்த் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு கண் அதை விடாது.

பைலில் இருந்த லோகோ ஒன்றுக்குப் பின்னால் வெள்ளைச் செவ்வகம் ஒளிந்திருந்தது. வெள்ளைத் தாளில் அது கண்ணுக்குத் தெரியாததால் அச்சக வடிவமைப்பாளர் அழிக்காமல் விட்டிருந்தார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, எல்லாவற்றுக்கும் அடியில் பளீரென்ற பச்சை அல்லது நீலத்தைப் போட்டுப் பார்ப்பது. மறைந்திருக்கும் வெள்ளையெல்லாம் வெளியே வந்துவிடும்.

பின்னணியில் அரக்கு நிறம் இருளில் கரைவது போல் ஒரு சாயல் மாற்றம் இருந்தது. அச்சில் அழகாகத்தான் இருந்திருக்கும். வீடியோவில் 8 பிட் கணக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அந்தச் சாயல் ஏறக்குறைய 20 படிகளே மாறுகிறது என்று வையுங்கள். 1920 பிக்சல் அகலத்தில் ஒவ்வொரு படியும் 96 பிக்சல் பட்டையாக விரியும். இருட்டறையில் பார்ப்பவருக்குச் சாயலுக்குப் பதில் பட்டை பட்டையாகப் படிக்கட்டு தெரியும். அவர் அந்தச் சாயலைப் பைலிலிருந்தே எடுத்துவிட்டார். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 16 பிட்டில் புதிதாகச் செய்து, மேலே மெல்லிய நுண்மணல் போன்ற இரைச்சலைத் தூவினால் பட்டை உடைந்துவிடும். எப்படியும் அந்த அறையில் இருந்த பதிப்பில், வளைகோட்டுப் படத்தை வடிவ லேயராக மாற்றும்போது சாயல் மாற்றங்கள் ஒழுங்காக வந்து சேரவில்லை. நிழல், மங்கல் போன்ற அலங்காரங்களையும் அவர் இதே காரணத்துக்காகக் கழற்றினார். “ஷேடோவ அண்ணா அங்கயே போட்டுப்பாங்க. நான் உருவத்த மட்டும்தான் சுத்தமா குடுக்கணும்” என்றார்.

தைத்த சட்டையைப் பிரித்து மறுபடி வெட்டுத்துணியாக்குவது போன்ற வேலை இது. எந்தத் தையலைப் பிரிப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்தவர் செய்ய வேண்டும்.

இனி கோலம். அன்றைய பொழுதில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது, போகவும் வேண்டும்.

பேனரில் இருந்த கோலம் ஒரு புகைப்படத்தைத் தானியங்கி முறையில் டிரேஸ் செய்தது. பார்க்கக் கோடு போலத்தான் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் அது கோடே இல்லை, கோட்டின் இரண்டு ஓரங்களையும் வரைந்து நடுவே வெள்ளையால் நிரப்பிய உருவம். இதற்கு ‘கோடு தானே வரைந்துகொண்டு போகும்’ அசைவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எடிட்டர் செய்து காட்டினார். கோலத்தின் வெளி ஓரம் ஒரு பக்கம் ஓடியது, உள்ளே கோடு சூழ்ந்த ஒவ்வொரு கண்ணும் தன்போக்கில் சுற்றிக்கொண்டது. யாரும் அப்படிக் கோலம் போட மாட்டார்கள்.

படத்தில் வரும் மூதாட்டி போடுவது 7 புள்ளி, 5 வரிசை, நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம். அதைத்தான் தலைப்பிலும் வைக்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு ஒருமுறை தன்னைத்தானே வெட்டும். குறுக்கே 30 இடம், நெடுக்கே 28 இடம், ஆக 58 வெட்டுகள். ஓரங்களாக டிரேஸ் செய்தால் அதில் 60 மூடிய எல்லைகள் வந்துவிடும். 35 புள்ளிகளையும் சூழ்ந்த கண்கள், அவற்றுக்கு நடுவே 24 கண்கள், வெளி எல்லை ஒன்று. உண்மையில் அந்த அம்மா போட்டது ஒரே கோடு. 60-ஐ ஒன்றாக மாற்றுவதுதான் இங்கே தயாரிப்பு.

நடுக்கோட்டை மட்டும் எடுத்துத் தரும் டிரேஸ் வசதி இங்க்ஸ்கேப்பில் 2020-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதையும் முயன்றார். கோடு கிடைத்தது. ஆனால் வெட்டும் இடங்களிலெல்லாம் அறுந்து சிறு துண்டுகளாகக் கிடந்தது. எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எனவே பேனாக் கருவியை எடுத்துக்கொண்டு கையால் வரைய உட்கார்ந்தார்.

அந்தக் கருவியில் வரையும் வளைவுக்கான கணக்கு பிரான்சின் கார் தொழிற்சாலைகளில் பிறந்தது. சித்ரோயனில் பால் தெ காஸ்தெல்ழோ 1959-இல் அதில் இறங்கினார். ரெனோவில் பியர் பெசியே 1960களில் அதை வளர்த்து வெளியே தெரியச் செய்தார், பெயரும் அவருடையதாகவே நிலைத்தது. காரின் உடல் வளைவை எண்களாகச் சொல்லத் தேடிய வழி அது. சில கணுக்கள், ஒவ்வொரு கணுவிலிருந்தும் இருபுறம் நீளும் கைப்பிடிகள். முழு வட்டத்துக்கே 4 கணு போதும், கைப்பிடியின் நீளம் ஆரத்தில் ஏறக்குறைய 55 சதவீதம். கணு குறையக் குறைய வளைவு வழுவழுப்பாகும். அசைவு கொடுக்கும்போது பிசகவும் பிசகாது.

அவர் வெட்டும் இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணு வைத்தார். 58 வெட்டுகள், ஒவ்வொன்றையும் கோடு இரண்டு தடவை கடக்கும், அது 116. ஓரங்களில் திரும்பும் 24 வளைவுகளுக்கு ஒவ்வொன்று. 140 கணுக்களில் முழுக் கோலமும் அடங்கியது. வெட்டும் இடங்களில் கைப்பிடிகள் 45 பாகையில் நேராக நின்றன. கோடு அங்கே ஒடியாமல் கடந்து போக வேண்டும் என்பதற்காக.

வரையும்போது இடது திரையில் அந்த மூதாட்டி கோலம் போடும் காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. வரைகலைஞர் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கை எங்கே தொடங்குகிறது, முதல் திருப்பத்தில் வலமா இடமா, எந்த ஓரத்தில் மாவு எடுக்க நிற்கிறது. மூதாட்டி தொடங்கியது இடது கீழ் மூலையில். பாதையின் முதல் கணுவும் அங்கேதான் இருக்க வேண்டும். வேறெங்காவது இருந்தால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் முதல் கணுவை மாற்றிக்கொள்ளலாம், பாதையின் திசையையும் திருப்பலாம். ஆனால் எது சரி என்று அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? முன்கூட்டியே சரியாக வைத்து, மாவு எடுக்க நிற்கும் இடங்களைப் பைலில் தனி லேயராகச் சிறு குறிகளால் காட்டிவிட்டார். அசைவு கொடுக்கும்போது அந்த இடங்களில் கோடு ஒரு கணம் தயங்கும். திரையில் ஓடுவது மென்பொருளின் கோடுதான் என்றாலும், அதன் மூச்சு அந்த அம்மாவுடையது. இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்பவர்கள் நம் ஊர் அறைகளில் இருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தது எனக்குச் சந்தோஷம்.

ஒரே கோடாக வந்தது தற்செயல் அல்ல. செவ்வகமாகப் புள்ளி வைத்து, இடையில் எங்கும் தடுக்காமல் எல்லாப் புள்ளிகளையும் பின்னிக்கொண்டு போகும் கோலத்தில் எத்தனை தனிக்கோடுகள் இருக்கும் என்பதற்கு விதி உண்டு. இரண்டு பக்கப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொதுக் காரணிதான் அந்த எண். 7-க்கும் 5-க்கும் அது 1. வீட்டில் ஒரு தாளில் 2-க்கு 2 புள்ளி வைத்துப் போட்டுப் பாருங்கள், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வளையங்கள் வரும். 3-க்கு 2 வைத்தால் ஒரே கோடு. கோலத்தைக் கணினி இலக்கணமாக முதலில் ஆராய்ந்தவர்களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முக்கியமானவர். ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் இருவரோடும் சேர்ந்து 1974-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை கோலத்தை அணி இலக்கணங்களோடு இணைத்தது. இந்தக் கணக்கு வெறும் வேடிக்கை இல்லை. எத்தனை பாதைகள் தேவை, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதா, ஒரே நேரத்தில் ஓட்டுவதா என்ற முடிவு இதிலிருந்துதான் வருகிறது. ஒற்றைப் பாதைக்கு இன்னொரு லாபமும் உண்டு. கோட்டை லேசாக ஒளி ஊடுருவும்படி வைத்தால், தனித்தனிப் பாதைகள் வெட்டும் இடங்களில் வெள்ளை இரட்டித்துப் பளிச்சிடும். தன்னைத்தானே வெட்டும் ஒரே பாதையில் அப்படி ஆகாது.

மாவுக் கோட்டின் சொரசொரப்பு எங்கே போயிற்று என்று கேட்டேன். அதை வளைகோட்டில் கொண்டுவர முயலவே கூடாது என்றார். ஓரங்களைப் பிசிறாக வரைந்தால் கணு ஆயிரக்கணக்கில் பெருகும், கணினி திணறும். பாதை சுத்தமான ஒரே தடிமனில் இருக்கும். உண்மையான அரிசிமாவை நெருங்கிப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு இந்தப் பாதை முகமூடியாக நிற்கும். கோடு எங்கே ஓடுகிறதோ அங்கே மட்டும் மாவு தெரியும்.

கோலத்தைச் சுற்றிக் காவிப் பட்டை உண்டு. அதை மெல்லிய கோடாகத்தான் பேனரில் வைத்திருந்தார்கள். நாம் வழக்கமாகப் பார்க்கும் வீடியோவில் ஒளியின் அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகப் பதிவாகிறது. நிறமோ 4 பிக்சலுக்கு ஒன்றாகத்தான் போகிறது. வெள்ளைக் கோடு கறுப்புத் தரையில் கூர்மையாக நிற்பது இதனால்தான். இருண்ட தரையில் மெல்லிய சிவப்பு படிந்து பரவிவிடும். பட்டையைப் பல மடங்கு அகலமாக்கினார். தரையில் செம்மண் இடுபவர்களும் அதை அகலமாகத்தானே இடுகிறார்கள், பேனரில் மெலிந்துபோனதுதான் இயல்புக்கு மாறு.

அளவுக்கு வந்தோம். அச்சக பைல் அடிக்கணக்கில் இருந்தது, கூடவே 300 டிபிஐ என்ற குறிப்பு. வீடியோவில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கேள்வியே இல்லை. மொத்தப் பிக்சல் மட்டும்தான் கணக்கு. ஆர்ட்போர்டை 3840-க்கு 2160 என்று வைத்தார். படம் முடியப்போவது அதில் பாதி அளவில், 1920-க்கு 1080. பிறகு ஏன் இரட்டிப்பு? ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயரின் ஓரத்தில் இருக்கும் சூரியன் போன்ற பொத்தானை அழுத்தினால், எவ்வளவு பெரிதாக்கினாலும் வளைகோட்டை மறுபடி கணக்கிட்டுக் கூர்மையாகத் தரும். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் அப்படி இல்லை. ஏஐ பைலை உள்ளே வாங்கும்போதே ஆர்ட்போர்டின் அளவில் பிக்சலாக்கிவிடும், அதற்குமேல் பெரிதாக்கினால் மங்கும். எடிட்டர் எங்கே பயன்படுத்துவார் என்று முன்கூட்டித் தெரியாதபோது இரட்டிப்பு அளவு ஒரு காப்பு.

ஓரங்களில் எதுவும் ஒட்டாமலும் பார்த்துக்கொண்டார். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியத்தின் பரிந்துரைப்படி எழுத்தும் லோகோவும் நான்கு பக்கமும் 5 சதவீதம் உள்ளே இருக்க வேண்டும். 1920-க்கு 1080 திரையில் அது பக்கவாட்டில் 96 பிக்சல், மேலும் கீழும் 54. வீட்டுத் தொலைக்காட்சிகளில் சில இன்றும் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டித்தான் காட்டுகின்றன. சுவரில் அந்தச் சாதாரணத் தொலைக்காட்சி இருப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுத்துக்கு அடியில் ஓடிய ஒரு பிக்சல் கிடைக்கோடும் அதில்தான் மாட்டிக்கொண்டது. கணினித் திரையில் அமைதியாக இருந்தது, தொலைக்காட்சியில் மெல்ல மேலே நகரும்போது மினுமினுத்தது. ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளை மாறிமாறி அனுப்பும் ஒளிபரப்பில் இது இன்னும் மோசமாகும். கோட்டை 4 பிக்சலாக்கியதும் அடங்கியது.

சேமிக்கும்போது பிடிஎஃப் இணக்கம் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்த்தார். அது இல்லாவிட்டால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸால் பைலைப் படிக்க முடியாது. எடிட்டர் அதை லேயர் அளவுகளைக் காக்கும் முறையில் உள்ளே எடுத்தார். இந்த முறையில்தான் ஒவ்வோர் எழுத்தின் சுழல்மையமும் அந்த எழுத்தின் நடுவிலேயே இருக்கும். இல்லாவிட்டால் ‘ல’வைச் சுழற்றினால் அது திரையின் நடுவைச் சுற்றிப் பறக்கும். ஏழு எழுத்தும் ஏழு லேயராக, பெயரோடு வந்து நின்றன. புள்ளி எதுவும் தொலையவில்லை.

படத்தின் வண்ணச்சீர் வேலை வேறோர் அறையில், டாவின்சி ரிசால்வில் நடக்கிறது. அங்கே ஏஐ பைல் போகாது. கோலப் பாதையை எஸ்விஜியாகவும் ஏற்றுமதி செய்துகொடுத்தார், ரிசால்வின் ஃபியூஷன் பக்கம் அதை ஏற்கும். நிலையாக நிற்கும் லோகோக்களுக்குப் பின்னணி இல்லாத பிஎன்ஜி. அசைந்து முடிந்த தலைப்பு, ஒளிஊடுருவலைத் தாங்கும் புரோரெஸ் 4444-இல் போகும். “ஓரத்துல வெள்ளக் கோடு மாதிரி தெரிஞ்சா ஆல்ஃபாவ மாத்திப் படிக்குதுன்னு அர்த்தம், ஸ்ட்ரெயிட்னு வைக்கச் சொல்லுங்கண்ணா” என்று எடிட்டரிடம் சொல்லி, ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது இயக்குநரிடமிருந்து செய்தி வந்தது. கைப்பேசிக்கு நெட்டாக ஒரு வடிவமும் வேண்டுமாம், 1080-க்கு 1920. எடிட்டர் கோலத்தை அப்படியே 90 பாகை திருப்பிவிடலாம் என்றார். 5 புள்ளி, 7 வரிசை. ஒரே கோடு என்பதில் மாற்றம் வராது. வரைகலைஞருக்கு அது முழுச் சம்மதமில்லை. கோலத்துக்கு மேல் கீழ் உண்டு, போடுபவர் நிற்கும் பக்கம்தான் கீழ் என்றார். நானும் அவர் பக்கம்தான். ஆனால் 7 புள்ளியை நெட்டுத் திரையில் குறுக்கே வைத்தால் கோலம் மிகவும் சிறுத்துப்போகிறது, அதையும் பார்த்தோம். கடைசியில் திருப்பினார்கள். தொடங்கும் மூலை இடம் மாறிவிட்டதால், முதல் கணுவை மறுபடி இடது கீழ் மூலைக்குக் கொண்டுவந்தார். தலைப்பு அந்த அகலத்தில் ஒரே வரியில் அடங்கவில்லை. ஏழு குழுக்களில் பு, ள், ளி, க் நான்கையும் மேல் வரியில் விட்டு, கோ, ல, ம் மூன்றையும் ஒரே இழுப்பில் கீழே இறக்கினார். இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்து சேமித்தார். எடிட்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு முதல் சோதனை ரெண்டரை ஓடவிட்டார்.